ஊற்றிய கை

நான் இரண்டு வருடங்கள் ஒரு விழா மண்டபத்தின் பாரில் நின்று மது ஊற்றினேன். சபையில் சிலருக்கு இது தெரியும். தெரிந்தும் ஒன்றும் கேட்காமல் விட்டவர்களுக்கு நன்றி. வாலிபர் இதழுக்கு வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தா என்று ஆசிரியர் குழுவிலுள்ள அக்கா கேட்டபோது, இதை விட்டுவிட்டுக் கோடைகாலத்தில் நூலகத்தில் செய்த வேலையைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் எழுத ஒன்றுமே இல்லை.

மோர்னிங்சைட்டில் வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு வேலை எப்படிக் கிடைக்கும் என்று விளக்கத் தேவையில்லை. படிப்புச் செலவு, வீட்டு மோட்கேஜ், 116ஆம் இலக்க பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு வார இறுதி வேலை. முதலில் கதிரை அடுக்கினேன், மேசை துடைத்தேன். பதினெட்டு வயது முடிந்ததும் மனேஜர், “ஸ்மார்ட் சேர்வ் சேர்ட்டிபிகேட் எடுத்துக்கொண்டு வா, பாரில போடுறன், டிப்ஸ் வரும்” என்றார். ஒன்ராறியோவில் குடிப்பதற்கு 19 வயது ஆகவேண்டும். ஊற்றுவதற்கு 18 போதும். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஒரு கிழமை எடுத்தது.

அப்பா ஒன்றுதான் கேட்டார். “சபையில கேட்டா என்ன சொல்லுவாய்?” நான் கானாவூர்க் கல்யாணத்தைச் சொன்னேன். அந்த வீட்டிலும் ஒரு பந்திவிசாரிப்புக்காரன் இருந்தான், நான் செய்யப்போவதும் அந்த வேலைதான் என்றேன். நம்மில் கானாவூரை ஒருதரமாவது துணைக்கு இழுக்காத வாலிபர் யார்? அப்பா சிரித்தார். அத்தோடு அனுமதி கிடைத்துவிட்டது.

ஸ்மார்ட் சேர்வ் என்பது மது பரிமாறுகிறவர்கள் இங்கே கட்டாயமாக எடுக்கவேண்டிய பயிற்சி. இணையத்தில் படித்து, பரீட்சையில் 80 வீதம் எடுத்தால் சித்தி. அதில் படித்தவை பல இன்றும் நினைவிருக்கின்றன. 341 மில்லிலீற்றர் பியர், 142 மில்லிலீற்றர் வைன், 43 மில்லிலீற்றர் விஸ்கி, மூன்றிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே அளவு மதுசாரம்: 13.6 கிராம். ஆகவே “நான் பியர்தானே குடிச்சனான்” என்பது ஒரு நியாயமே அல்ல. உடல் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு பானத்தைத்தான் கரைக்கும். கோப்பியோ, தேசிக்காய்த் தண்ணியோ, முகம் கழுவுவதோ அதை விரைவாக்காது. வெறியில் இருப்பவருக்கு மேலும் ஊற்றுவது சட்டத்துக்கு மாறானது. அப்படி ஊற்றி, அவர் வெளியே போய் யாருக்காவது காயம் விளைவித்தால், காயப்பட்டவர் விற்றவரிடம் நட்டஈடு கேட்கலாம்.

இந்தக் கடைசிப் பக்கத்தை நான் விரைவாகத் தட்டிக்கொண்டு போனேன். பரீட்சையில் அதிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. சரியாகத்தான் விடை சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை இரவு, பிறந்தநாள் விழா ஒன்று. நானூறு பேராவது இருக்கும். அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் பாருக்கு வந்தார். நான் சிறு வயதிலிருந்து மாமா என்று கூப்பிடுபவர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. நான் எண்ணியே ஐந்து தரம் வந்துவிட்டார். ஆறாம் தரம் வந்தபோது கிளாஸை வைக்கும் இடம் கொஞ்சம் தவறியது. கண் சிவந்திருந்தது. படித்த அடையாளங்கள் எல்லாம் எதிரே நின்றன. “தம்பி, உன்ர கொப்பரும் நானும் ஒண்டாப் படிச்சனாங்கள். கையைக் கொஞ்சம் சரிச்சு ஊத்து” என்றார். நான் சரித்து ஊற்றினேன். டிப்ஸ் கிளாஸில் ஐந்து டொலர் போட்டுவிட்டுப் போனார். பிறகு ஒருதரம் பார்த்தேன்: வாசல் பக்கம் நின்று யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். விரலில் கார்த் திறப்பு சுழன்றுகொண்டிருந்தது. நான் குனிந்து ஐஸ் அள்ளப் போனேன். ஐஸ் பெட்டி நிறையத்தான் இருந்தது.

மோர்னிங்சைட் வீதியில் அவருடைய கார் நடைபாதையில் ஏறி ஒரு கம்பத்தில் மோதியது. பஸ் தரிப்பிடத்திலிருந்து சில அடி தள்ளி. இரவு பன்னிரண்டரை மணி. தரிப்பிடத்தில் ஒருவரும் இல்லை. நான் வேலை முடிந்து வந்து இறங்குகிற தரிப்பிடம் அது. அன்றைக்கு மண்டபத்தைக் கூட்டிமுடிக்கப் பிந்திவிட்டது.

மாமாவுக்கு உடம்பில் பெரிய காயம் இல்லை. ஆனால் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தார். அந்த இடத்திலேயே 90 நாட்களுக்கு லைசன்ஸ் நிறுத்தம், ஏழு நாள் வாகனம் பறிமுதல், பிறகு குற்ற வழக்கு. அவர் பார்சல் ஓடிப் பிழைப்பவர். வேலை போய்விட்டது. மாமி அம்மாவுக்குப் போன் எடுத்தா. அழுதுகொண்டு நிறையச் சொன்னாவாம். அம்மா எனக்குச் சொன்னது ஒன்றைத்தான்: “உங்கட மகன்தானாம் ஊத்தினது எண்டு கேட்டா.”

மனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எத்தனை ஊற்றினாய் என்று கேட்டார். ஆறு என்றேன். “ஆராவது கேட்டா மூண்டு எண்டு சொல்லு” என்றார். நான் சரி என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை.

வீட்டில் அன்றிரவு பெரிய வாக்குவாதம். அப்பா என் பக்கம். “ஐம்பத்திரண்டு வயசு மனிசன். ஆர் அவற்ற வாயில ஊத்தினது? ஊரில தவறணைக்காரனை ஆராவது கோட்டுக்கு இழுத்தவையே?” அம்மா பேசாமல் பாத்திரம் கழுவினா. அப்பா சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் படுத்தபிறகு யோசித்தேன். ஊரில் தவறணையிலிருந்து கிளம்புகிறவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். மிஞ்சிப்போனால் வேலிக்கரையில் விழுந்து கிடப்பார், காலையில் யாராவது எழுப்புவார்கள். இங்கே அதே ஆள் ஒன்றரைத் தொன் இரும்பில் ஏறிக் குந்துகிறார். மனிதன் மாறவில்லை, கையில் இருப்பது மாறிவிட்டது. தவறணைக் கணக்கு மோர்னிங்சைட் வீதிக்குச் சரிவராது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டம் எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நான் சட்டம் படிக்கிற மாணவன் அல்ல. ஆனாலும் கனடா உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள் நான் நினைத்ததைவிட இலகுவாக விளங்கின.

முதலாவது 1973இல் வந்த ஜோர்டன் ஹவுஸ் எதிர் மெனோ. நயாகராப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் ஒரு ஹோட்டல். அடிக்கடி வந்து குடிக்கிற ஒருவர். குடித்தால் கட்டுப்பாடு இழப்பார் என்பது ஹோட்டல்காரருக்கு நன்றாகத் தெரியும். பொறுப்பான ஒருவர் கூட இல்லாவிட்டால் அவருக்கு ஊற்றவேண்டாம் என்றுகூட ஊழியருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு இரவு ஊற்றினார்கள். பிறகு தொந்தரவு கொடுக்கிறார் என்று இருட்டில் வெளியே அனுப்பிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் நடந்து வீட்டுக்குப் போனவரைக் கார் மோதியது. பின்னாளில் பிரதம நீதியரசரான போரா லாஸ்கின் எழுதிய தீர்ப்பு, ஹோட்டலுக்கு அவர்மேல் கவனம் எடுக்கவேண்டிய கடமை இருந்தது என்றது. பழி மூன்றாகப் பிரிந்தது: குடித்தவருக்கு ஒரு பங்கு, கார் ஓட்டியவருக்கு ஒரு பங்கு, ஹோட்டலுக்கு ஒரு பங்கு.

இந்த மூன்று பங்கில் நான் அதிக நேரம் நின்றேன். ஊற்றினவனைப் பொறுப்பாக்கினால் குடித்தவன் தப்பிவிடுவான் என்பதுதான் அப்பாவின் பயம், பலருடைய பயமும் அதுதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. குற்ற வழக்கில் கூண்டில் ஏறுகிறவர் குடித்து ஓட்டியவர்தான். மறியலுக்குப் போகிறவரும் அவர்தான். விற்றவர்மேல் வருவது அவருடைய சொந்தத் தவறுக்கான கணக்கு: தெரிந்தும் ஊற்றியது, ஊற்றிவிட்டு அப்படியே வெளியே விட்டது.

இரண்டாவது, 1995இல் வந்த ஸ்டுவர்ட் எதிர் பெற்றி. எட்மன்ரனில் ஒரு விருந்து. ஒருவர் ஐந்து முதல் ஏழு டபுள் ரம் குடித்தார். பிறகு அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, கூடப்போன அவருடைய சகோதரிக்குக் கைகால் இயங்காமல் போனது. வீதியில் போகிற மற்றவர்கள்மேலும் மது விற்கிறவருக்குக் கடமை உண்டு என்று நீதிமன்றம் இங்கே தெளிவாகச் சொன்னது. ஆனால் அந்த விருந்து இடம் கடமை தவறவில்லை என்றும் சொன்னது. ஏனென்றால் அதே மேசையில் குடிக்காத இரண்டு பேர், அவருடைய மனைவியும் சகோதரியும், அவர் எவ்வளவு குடித்தார் என்று தெரிந்தே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓட்டுவார், அல்லது தடுப்பார் என்று பரிமாறினவர்கள் எண்ணியது நியாயம்தான் என்றது தீர்ப்பு. எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. நம் வீடுகளில் “நீங்கள் ஓடவேண்டாம், நான் ஓடுறன்” என்று சபை நடுவில் சொல்லக்கூடிய மாமிமார் எத்தனை பேர்?

மூன்றாவது தீர்ப்புக்குப் பிறகு வருகிறேன்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் வாலிபர் வேதபாடத்தில் யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் வந்தது. மாட்டுச் சட்டம். பொதுவாக நாங்கள் நித்திரை கொள்கிற அதிகாரம். ஒரு மாடு முட்டி ஒருவன் செத்தால், மாட்டுக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே அவனுக்குச் சொல்லப்பட்டிருந்து, அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், கதை வேறு. போரா லாஸ்கின் எழுதியதும் மோசே எழுதியதும் ஒரே கேள்வியில்தான் நிற்கின்றன: உனக்குத் தெரிந்திருந்ததா? உபாகமம் 22இல் இன்னொன்று உண்டு. புது வீடு கட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். விழுகிறவன் கவனமாக நடந்திருக்கலாமே என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே என் கருத்தை நேராகச் சொல்கிறேன். மது விற்கிறவர், வெறியில் இருக்கிறவர் என்று தெரிந்தும் விற்றால், அதனால் வரும் காயத்துக்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஒவ்வொரு கிளாஸிலும் அவருக்கு இலாபம் இருக்கிறது. எண்ணிக்கை அவருக்குத்தான் தெரியும். குடிக்கிறவருக்கு நாலாவதோடு எண்ணிக்கை தவறிவிடும்.

ஆனால் ‘அவர்’ என்று நான் முதலில் சொல்வது முதலாளியை. சட்டப்படி ஊழியர்மேலும் வழக்குப் போடலாம், உண்மைதான். என்றாலும் நம் விழாக்கள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். ஒருவர் வந்து “மேசைக்கு” என்று நாலு கிளாஸ் எடுத்துப்போகிறார். அந்த நாலும் யாருடைய வயிற்றுக்குள் போனதென்று பாருக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியாது. கார் நிறுத்துமிடத்தில் ட்ரங்கைத் திறந்து வைத்துத் தனியாக ஒரு பார் நடக்கும். நானூறு பேருக்கு இரண்டு மாணவர்களை நிறுத்தி, யாரையும் மறுக்காதே, விழாக்காரர் கோபிப்பார் என்று சொல்லிவைக்கிற இடத்தில், பழியை அந்த இரண்டு பேர் தலையில் கட்டுவது நீதியல்ல. மூன்று என்று சொல்லு என்றவருக்கு என்ன பங்கு?

இன்னொரு எல்லையும் எனக்கு உண்டு. குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியை அடிக்கிறவர் இருக்கிறார். அதற்கும் ஊற்றினவன் பொறுப்பா என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டா. எனக்கு உடனே பதில் வரவில்லை. விரலில் சுழலும் திறப்பு கண்ணுக்குத் தெரியும், வீட்டுக்குள் ஓங்கப்போகும் கை பாரிலிருந்து தெரியாது. தெரியாததற்கும் முன்கூட்டி எண்ணமுடியாததற்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினால், அடித்தவரே “குடிதான் செய்தது” என்று சொல்ல நாங்களே இடம் கொடுத்துவிடுவோம். மண்டபத்துக்குள்ளேயே ஒருவர் கையை ஓங்கித் திரிகிறார் என்றால் அது வேறு. இப்படித்தான் சொன்னேன். அவவுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அந்த விபத்துக்குப் பிறகும் நான் எட்டு மாதம் அதே பாரில் நின்றேன். அப்போது கண்டுபிடித்தது ஒன்று உண்டு. நம் ஆட்களிடம் ஒரு இருபது வயதுப் பையன், அப்பாவின் வயதுள்ள ஒருவருக்கு “போதும்” என்று சொல்லமுடியாது. அது மரியாதைக் குறைவு, அடுத்தநாள் போன் வரும். ஆனால் “மாமா, சட்டம் மாமா. நீங்கள் போய் ஏதும் நடந்தா என்னையும் சேர்த்துத்தான் இழுப்பினம்” என்று சொல்லலாம். முணுமுணுப்பார்கள், பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போவார்கள். நீதிமொழிகளைச் சொல்லியிருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள். என்னைப் பயமுறுத்தத்தான் இந்தச் சட்டம் என்று நினைத்திருந்தேன். அது எனக்கு வாயைத் திறந்துவிட்டது. 2024 செப்டெம்பரிலிருந்து ஒன்ராறியோவில் மூலைக்கடைகளிலும் பியரும் வைனும் விற்கலாம். நம் சபையிலும் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கவுண்டரில் அவர்களுடைய பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் அந்த வசனம் உதவும்.

இனி மூன்றாவது தீர்ப்பு: சைல்ட்ஸ் எதிர் டெசோர்மோ, 2006 மே 5. இது மண்டபமோ ஹோட்டலோ அல்ல, ஒன்ராறியோவில் ஒரு வீடு. 1998 டிசம்பர் 31, புதுவருட இரவு விருந்து. வந்தவர்கள் தங்கள் தங்கள் மதுவைத் தாங்களே கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் பரிமாறியது கொஞ்சம் ஷாம்பெயின் மட்டும். வந்தவர்களில் ஒருவர் முன்பே குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவர், அது வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் புறப்பட்டபோது வீட்டுக்காரர் கார்வரை கூட நடந்துபோய், ‘சகோதரா’ என்று கூப்பிட்டு, நலமாக இருக்கிறாயா என்று கேட்டார். பிரச்சினை இல்லை என்றார் அவர். சற்று நேரத்தில் எதிரே வந்த காரில் மோதினார். ஒருவர் இறந்தார். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்திக்கு இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனது. ஓட்டியவருக்குப் பத்து வருடச் சிறை.

வீட்டுக்காரர் பொறுப்பா? பிரதம நீதியரசர் பெவர்லி மக்லாக்லின் இல்லை என்று எழுதினார். மது விற்கிறவர் இலாபத்துக்காக விற்கிறார், அவருக்கு விதிகள் உண்டு, கண்காணிக்க ஆட்கள் உண்டு. வீட்டில் விருந்து வைக்கிறவர் அப்படியல்ல, வளர்ந்த ஒருவரின் தெரிவுக்கு அவர் காவல் நிற்கவேண்டியதில்லை. விருந்து வைத்தவரே ஆபத்தை உண்டாக்கினாலோ கூட்டினாலோ வேறாக இருக்கலாம் என்று ஒரு சிறு இடைவெளியை மட்டும் விட்டார்கள். சட்டமாகப் பார்த்தால் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்மார்ட் சேர்வ் வைக்க முடியாது. ஆனால் அந்த ‘சகோதரா’ என்ற சொல் என்னை விடவில்லை. காயீன் கேட்ட கேள்விக்கு ஒரு உச்ச நீதிமன்றம், இல்லை, நீ காவலாளி அல்ல என்று பதில் எழுதியிருக்கிறது. சட்டத்தில் அது சரியான பதில். ஆதியாகமத்தில் அதற்குப் பதிலே வராது, நிலத்திலிருந்து வரும் சத்தம்தான் வரும்.

நம் வீடுகளில் இது கராஜில் நடக்கும். உங்களுக்குத் தெரியாததல்ல. பெண்கள் மேலே, பிள்ளைகள் பேஸ்மென்டில், ஆண்கள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு கராஜில். சபையில் யாரும் குடிப்பதில்லை என்று நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

போன நத்தாருக்கு மறுநாள் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இரவு பதினொன்றரைக்குப் பெரியப்பா எழும்பினார். பெரியம்மா வரவில்லை, தனியாகத்தான் வந்திருந்தார். அஜாக்ஸ்வரை 401இல் ஓடவேண்டும். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கார்வரை கூடப் போனேன். “பெரியப்பா, ஓகேயா?” என்றேன். “ஒண்டும் பிரச்சினை இல்லை, நீ உள்ளுக்குப் போ, குளிருது” என்றார்.

இங்கே மனேஜர் இல்லை. சட்டம் மாமா என்று சொல்லவும் முடியாது, சட்டம் வீட்டுக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. ஊபர் கூப்பிடட்டா என்றேன். திறப்பைத் தாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன் என்றேன். அவர் கதவைச் சாத்தி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். நான் காருக்குப் பின்னால், டிரைவ்வேயின் நடுவில் போய் நின்றேன். சிவப்பு விளக்கு முகத்தில் அடித்தது. ஹோர்ன் அடித்தார். கண்ணாடியை இறக்கி, “உனக்கு விசரே? விலத்தடா” என்றார். இன்னொருதரம் அடித்தார். எதிர்வீட்டில் வெளிச்சம் போட்டார்கள். கால் நடுங்கியது, குளிரினால் மட்டும் அல்ல. நான் பிறந்தபோது என்னை முதலில் தூக்கினவர் அவர் என்று சொல்லுவார்கள்.

கராஜ் கதவு மேலே ஏறியது. உள்ளேயிருந்து அப்பா வந்தார், வீட்டுச் செருப்போடு, பனிக்குள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.